புக்மார்க் பத்திரம்: முதலில் நகல், பிறகுதான் சிங்க்

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ, வீட்டில் ஒரு டெஸ்க்டாப், வேலையிடத்தில் ஒரு லேப்டாப் என்று வைத்திருப்பவர்கள் பலர். சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) இ-ஃபைலிங், கோவிலின் காவடி நிகழ்ச்சி நிரல், 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தந்துவரும் மதுரைத் திட்டம் என்று பல ஆண்டுகளாக பிரவுசரில் புக்மார்க்காகச் சேர்த்த இணைய முகவரிகள் ஒரே கணினியில் மட்டும் இருந்தால், அந்த ஹார்டு டிஸ்க் போகும் நாளில் எல்லாம் போய்விடும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்துங்கள். சிங்க் என்பது கணினிகளில் உள்ளதை இணையம் வழியே தானாக ஒரே மாதிரி வைப்பது, காப்பு நகல் அல்ல. வீட்டில் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், சிங்க் அதை அலுவலகத்திலும் அழித்துவிடும். அதனால் நகல் எடுக்காமல் சிங்க்கை இயக்காதீர்கள்.

படி 1: நகல் எடுப்பது

விண்டோஸில் குரோமைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புக்மார்க் மேனேஜர் வரும். அதன் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' கொடுங்கள். ஓர் எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். எட்ஜிலும் அதே விசைகள்தான். அங்கே 'ஃபேவரிட்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் அதே விசைகள் 'லைப்ரரி'யைத் திறக்கும். அதில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' பட்டியலில் இரண்டு வழிகள் உண்டு. 'பேக்கப்' தருவது ஜேசான் கோப்பு. அது ஃபயர்ஃபாக்ஸுக்கே உரியது. அதை 'ரீஸ்டோர்' செய்தால் இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டுப் பழையதை வைக்கும். 'எக்ஸ்போர்ட்' தரும் எச்டிஎம்எல் கோப்பு எந்த பிரவுசரிலும் ஏறும், இருப்பதோடு சேரும். இரண்டையும் எடுத்து வைப்பது நல்லது.

படி 2: சரிபார்ப்பது

கோப்பை நோட்பேடில் திறங்கள். முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்க வேண்டும். பழைய நெட்ஸ்கேப் பிரவுசரின் வடிவத்தைத்தான் இன்றும் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். கீழே உங்கள் முகவரிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பிறகு தேதியோடு பெயரிட்டு, ஒன்றை யுஎஸ்பியிலும் மற்றொன்றை உங்களுக்கே மின்னஞ்சலிலும் வையுங்கள். கோப்பு சிறியது, டேட்டா பெரிதாகச் செலவாகாது.

படி 3: சிங்க்

இரண்டு கணினிகளிலும் ஒரே கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸில் புக்மார்க்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொற்களையும் சேர்ப்பதா என்று தனியே யோசித்து முடிவெடுங்கள். நூலகத்தின் பொதுக் கணினியில் ஒருபோதும் சிங்க்கை இயக்காதீர்கள்.

இரண்டு கணினிகளிலும் ஒரே முகவரிகள் ஏற்கெனவே இருந்தால் சில இரட்டிப்பாகலாம். இதைத் தவிர்க்க, இரண்டிலும் நகல் எடுத்த பின், ஒன்றைக் காலிசெய்துவிட்டு அதில் சிங்க்கைத் தொடங்குங்கள். சிங்க் ஓடும்போது காலிசெய்யக் கூடாது, முன்பே செய்ய வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லை மறந்து மாற்றியமைத்தால், மீட்புச் சாவி இல்லாதவர்களுக்கு சர்வரில் உள்ள தரவு அழிந்துவிடும். கணினியில் உள்ளது அப்படியே இருக்கும். சாவியை இன்றே உருவாக்கித் தாளில் எழுதி வையுங்கள்.

அழிந்துவிட்டால்?

மின்வெட்டில் டெஸ்க்டாப் சட்டென்று அணையும்போது கோப்பு பழுதாவதும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே 15 நகல்கள் வரை வைத்திருக்கும். 'ரீஸ்டோர்' பட்டியலில் தேதிவாரியாகத் தெரியும்.

குரோமில் அவ்வளவு வசதி இல்லை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். குரோமின் முகவரிப் பட்டியில் chrome://version என்று தட்டி அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'புரொஃபைல் பாத்' தெரியும். அதைக் குறித்துக்கொண்டு குரோமை முழுவதும் மூடுங்கள். அந்த ஃபோல்டரில் 'புக்மார்க்ஸ்' என்றும், அதே பெயரோடு 'பேக்' (.bak) என்று முடியும் இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் வேறிடத்தில் நகலெடுத்த பிறகே, முதலாவதை நீக்கிவிட்டு இரண்டாவதன் முடிவிலுள்ள 'பேக்' பகுதியை எடுத்துப் பெயர் மாற்றுங்கள். பிறகு இணையம் இல்லாமலே குரோமைத் திறந்து, முகவரிகள் வந்ததும் உடனே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இணையத்தை இணைத்தபின் சிங்க் மறுபடி அழித்தாலும் கோப்பு உங்கள் கையில் இருக்கும்.