மூட்டைக்குள் அழுகல் இருந்தால் சரக்கை மறுப்பது எப்படி?

தாராபுரம், பல்லடம் பக்கம் சின்ன வெங்காயம் மொத்தமாக எடுத்து மெஸ்ஸோ மளிகைக் கடையோ நடத்துகிறவர்களுக்கு இது. மூட்டை வாயில் காய்ந்த காயாகத் தெரியும், உள்ளே கையை விட்டால் ஈரமும் நாற்றமும். இறக்கியாச்சு, இனி நம்ம தலையில்தான் என்று பேசாமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் மறுக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

முதலில், விலை பேசும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "10 மூட்டை, நன்கு காய்ந்தது, காட்டிய சாம்பிள் போலவே." சாம்பிளை வைத்துப் பேசிய வியாபாரம் என்றால் மொத்தச் சரக்கும் அதற்கு ஒத்திருக்க வேண்டும் (பிரிவு 17). சீட்டில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒப்பந்தமோ மார்க்கெட் வழக்கமோ இந்த உரிமைகளை மாற்ற பிரிவு 62 இடம் கொடுக்கிறது.

வண்டி வந்ததும் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். அடியில் கிடக்கும் மூட்டையையும் சேர்த்து இரண்டு மூன்றைத் தார்ப்பாயில் கொட்டி, அழுகலைத் தனியாக எடை போட்டு, தராசும் மூட்டையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கேட்பது உங்கள் உரிமை (பிரிவு 41).

அடுத்ததுதான் முக்கியம். உடனே சொல்லுங்கள்: "அண்ணா, காலையில் வந்த வெங்காயத்தில் பிரித்த 3 மூட்டையும் அழுகல். சரக்கை ஏற்கவில்லை, எடுத்துக்கோங்க." சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, அதில் விற்றாலோ சமைத்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே பிரிவு 42 கொள்ளும். அழுகும் பொருளுக்கு அந்தக் காலம் மிகக் குறைவு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வண்டி வைத்துத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதல்ல, மறுத்துவிட்டேன் என்று தெரிவித்தால் போதும் (பிரிவு 43). அவர் வந்து எடுக்கும் வரை காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

சரி, பாதியைப் பயன்படுத்தியாகிவிட்டதா? பொதுவாக அப்புறம் மறுக்க முடியாது, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம் (பிரிவு 59). பெரும்பாலும் இந்தப் பேச்சிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான்.