கதையில் பார்வையற்ற ஒருவர் வந்தால்

கதையில் பார்வையற்ற பாத்திரம் வைக்கிறீர்களா? முதலில் அவருக்கு ஒரு வேலையும் நாலு எரிச்சலும் கொடுங்கள். வங்கியில் வேலை பார்க்கட்டும், சில்லறைக்காக ஷேர் ஆட்டோக்காரரிடம் சண்டை போடட்டும். நம் கதைகளில் அவர் பெரும்பாலும் பாட்டுப் பாடுவார், இல்லையென்றால் நாயகனின் நல்ல மனசைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பாவம்!

முகத்தைத் தடவி ஆளைக் கண்டுபிடிப்பதெல்லாம் சினிமாப் பழக்கம், குரலே போதும். எல்லோருக்கும் முழு இருட்டு என்பதும் இல்லை. வெளிச்சம் மட்டும் தெரிபவர்கள், மங்கலாக உருவம் தெரிபவர்கள் உண்டு. உங்கள் ஆளுக்கு எவ்வளவு தெரியும், எந்த வயதிலிருந்து இப்படி என்று எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாதித் தவறு வராது.

அப்புறம், சின்னச் சின்ன விவரங்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போனில் பயன்படுத்தும் பலர், நமக்குப் பிடிபடாத வேகத்தில் அதைக் கேட்பார்கள். புது 100 ரூபாய் நோட்டின் ஓரங்களில் தடவினால் தெரியும்படி 4 கோடுகள், 500இல் 5. நோட்டு நைந்துபோனால் அவையும் கைக்குத் தட்டுப்படாது. ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். ஒரு காட்சிக்கு இதுவே தாராளம்.

எழுதி முடித்ததும் பார்வையற்ற வாசகர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், முடிந்தால் அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். பிரதி யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால் திரைவாசிப்பான் உளறிக் கொட்டும்.