குரோம் பளபளப்புக்கு அடியில் கறுப்பு

பிளாஸ்டிக் பாகத்துக்கு ஸ்பிரே டப்பாவால் குரோம் பெயின்ட் அடிப்பதாக இருந்தால், முதலில் பளபளப்பான கறுப்பு பெயின்டை அடித்து, மூக்கருகே கொண்டுபோனாலும் தின்னர் வாடை வராத அளவுக்கு அதைக் காயவிட்டு, அதன் பிறகே குரோமை மெல்லிய தூறலாக இரண்டு மூன்று முறை தெளியுங்கள். சாம்பல் நிற பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் நேரடியாக அடித்தால் கிடைப்பது வெறும் வெள்ளிப் பூச்சுதான்.

டப்பாவில் இருப்பது குரோமியம் அன்று, மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள். வழவழப்பான பரப்பில் அவை தட்டையாகப் படிந்தால் மட்டுமே கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும். செதில்களுக்கு இடையே புகும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுவதால் பளபளப்புக்கு ஆழமும் கூடுகிறது. கறுப்பு அரைகுறையாகக் காய்ந்திருந்தால், குரோமில் உள்ள கரைப்பான் அதை இளக்கிச் செதில்களைக் கலைத்துவிடும். பாதுகாப்புக்கென்று மேலே சாதாரண வார்னிஷ் அடிப்பதும் இதே காரணத்தால் பளபளப்பை மங்கச் செய்கிறது. பலரும் கெடுத்துக்கொள்வது இந்தக் கடைசிப் படியில்தான்.

கை அடிக்கடி படும் கைப்பிடி, குழாய்த் திருகு, வெயிலிலும் மழையிலும் நிற்கும் பைக் பாகம் ஆகியவற்றுக்கு இந்த முறை உதவாது. பூச்சு விரலோடு வந்துவிடும். அத்தகையவை ஏபிஎஸ் (ABS) என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தால், செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக மின்முலாம் பூசித் தரும் பட்டறையில் கொடுப்பதே சரி. பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்ற, பெயின்ட் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக்; அதற்கென உள்ள ஒட்டுப் பிரைமர் இல்லாமல் சாதாரணப் பெயின்ட் அதில் நிற்காது.