பழைய மோரிஸ் மைனரை விற்கும்போது செய்யக்கூடாதவை

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தம்பி இருக்கிறான். போன வாரம் வந்து, "அண்ணே, தாத்தாவோட மோரிஸ் மைனர் காரை விக்கப் போறேன், பெயின்ட் அடிக்க ஆள் பார்த்துட்டேன்" என்றான். தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். அவர் காலமானதிலிருந்து கார் கொட்டகையில்தான் கிடக்கிறது. பெயின்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

காரைக் கழுவ வேண்டும், டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பது

என் பெரியப்பாவின் காரை நான் கெடுத்தது இப்படித்தான். 1958ஆம் வருஷத்து மைனர் 1000, பேராக் மாநிலத்தின் 'ஏ' நம்பர் பிளேட். தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்குக் கொஞ்சம் சொந்த ரப்பர் நிலம் இருந்தது. ஒட்டுப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, காரின் பின்பெட்டியில் போட்டுத்தான் கடைக்குக் கொண்டு போவார். ஒட்டுப்பாலிலிருந்து வடியும் தண்ணீரில் ஆசிட் இருக்கும். பின்பெட்டித் தகரத்தை அது அரித்துவிட்டது. போதாததற்குச் செம்மண் சாலையின் சேறு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்குள் அடைந்து, ஈரம் காயாமல் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைத்தது.

"நீயே வித்துக் கொடுப்பா" என்று பெரியப்பா சொன்னார். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும் என்று நினைத்து ஒரு பட்டறையில் விட்டேன். 3,200 வெள்ளி கேட்டார்கள், கொடுத்தேன். அவர்கள் துருவை வெட்டி எடுக்கவில்லை. அதன் மேலேயே பட்டி பூசி, தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஈப்போவிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஏற்கெனவே இரண்டு மைனர்களைத் தம் கையால் சரிசெய்தவர். பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சின்ன காந்தத்தை எடுத்து, சில் ஓரமாக ஒட்டிக்கொண்டே போனார். நாலு இடத்தில் காந்தம் பிடிக்கவில்லை, அங்கே தகரத்துக்குப் பதில் பட்டிதான் இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இருந்தபடியே காட்டியிருந்தால் கேட்ட விலையைக் கொடுத்திருப்பேன். இப்போ உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது நியாயம். மைனருக்கு லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. சில், தரைத் தகரம், முன் சீட்டுக்குக் கீழே குறுக்காகப் போகும் பீம், பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடங்கள், ஜாக் வைக்கும் இடங்கள், இவைதான் காரைத் தாங்குகின்றன. எஞ்சின் போனால் பரவாயில்லை. ஆஸ்டின், மினி என்று பல கார்களில் போட்ட அதே ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் மைனர் 1000இலும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். சரிசெய்து ஓட்ட நினைத்து வாங்குபவர் காசு கொடுப்பது தகரத்துக்கு. எப்படியும் அவர் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கத்தான் போகிறார், அதனால் நம் புதுப் பெயின்ட் அவர் கணக்கில் வராது. மூடி வைத்த துருவை மட்டும், இருப்பதைவிட மோசமாகவே கணக்குப் போடுவார்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் அறைக்குள் பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கட்டும் என்று, எஞ்சினுக்குப் பின்சுவரில் ரிவெட் அடித்திருந்த சேசிஸ் நம்பர் தகட்டைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். எங்கே என்று கேட்டேன். குப்பையோடு போயிருக்கும் என்றார்கள். பெயர் மாற்றுவதற்கு முன், வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரின் பதிவுச் சான்றான கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தகடே இல்லாத காரை யார் வாங்குவார்? அடுத்து வந்த இரண்டு பேரும் அதைக் கேட்டதுமே திரும்பிவிட்டார்கள். கடைசியில் கண்ணாடி, கதவு, எஞ்சின் என்று பாகம் பாகமாகக் கழற்றி விற்றேன். பெயின்ட்டுக்குக் கொடுத்த காசுகூடத் திரும்பி வரவில்லை. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பட்டறை வழியாகப் போனால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தகட்டைத் தொடாதீர்கள் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே என்று என் மேலும் கோபம் வருகிறது.

அதனால், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோடு நிறுத்துங்கள். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் படம் எடுங்கள். அடிப்பக்கம், பின்பெட்டி, சேசிஸ் தகடு, எஞ்சின் நம்பர் எல்லாவற்றையும் எடுங்கள். மோசமான இடத்தின் படத்தை முதலில் அனுப்புங்கள்.

வருஷத்தைத் தப்பாகச் சொல்வது

"அப்பா 52 மாடல்னு சொன்னாரு" என்று நம்பி எழுதிவிடாதீர்கள். மைனர் 1948இல் வந்தது, வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தைய வடிவம். ஒரே கண்ணாடி என்றால் மைனர் 1000. அதிலும் 948 சிசி என்றால் 1956லிருந்து 1962 வரை, 1098 சிசி என்றால் அதற்குப் பிறகு. எஞ்சினை இடையில் மாற்றியிருப்பார்கள், அதனால் எஞ்சினை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கிராண்ட் இன்னும் தாத்தா பேரில் இருப்பது

முதலில் அந்தப் பெயர் மாற்றத்தை முடியுங்கள். விளம்பரம் அப்புறம்.

வாங்க வந்தவர் முன்னால் ஸ்டார்ட் செய்வது

பல வருஷம் ஓடாத எஞ்சினில் சிலிண்டருக்குள் எண்ணெய் வறண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, ஹேண்டில் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றுகிறது என்பதே வாங்குபவருக்குப் போதும். பேட்டரி மாட்டுவதானால் கவனம். இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த், பாடியோடு சேருவது பேட்டரியின் பிளஸ் முனை. இப்போதைய கார் பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுகிறார்கள்.

கயிறு கட்டி இழுப்பது

முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன், கிரீஸ் காணாமல் மரை தேய்ந்து போயிருக்கும். இழுக்கும்போது கழன்றால் சக்கரம் மடங்கி மட்கார்டும் நசுங்கிவிடும். லாரியில் ஏற்றுங்கள்.

உதிரிகளைத் தூக்கிப் போடுவது

போடாதீர்கள். பக்கவாட்டில் நீட்டுகிற பழைய சிக்னல் கை, சக்கர மூடி, ஹேண்டில், உடைந்த விளக்கு, எதுவானாலும் ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள்.

தம்பி பெயின்ட்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேருமாகக் கார்ப்பெட்டைத் தூக்கினோம். டிரைவர் பக்கத் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சில் நன்றாக இருக்கிறது, தகடு அதன் இடத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டோம், ஓட்டையை முதலில்.