பாதிப் பேச்சு காதில் விழுந்தால்: பொருள் பிடிப்பது எப்படி?

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சு, பாதியில் அறுந்த வாட்ஸ்அப் குரல்பதிவு, அனுமதி வாங்கி டீக்கடையில் பதிந்த ஒலி. எதுவானாலும் வழி ஒன்றுதான். பயிற்சிக்கு ஒரு துண்டு. ஜூலையில் திருவாரூர்ப் பக்கம் காதில் விழக்கூடியது:

"…கீழ இன்னும் வரலயாம். நம்ம மொற வியாழக்கெழமதான். முப்பத்தாறு போட்டவங்க பாடு…"

படி 1: கேட்டபடியே எழுதுங்கள்

'வரலயாம்' என்பதை 'வரவில்லை' என்று திருத்தினால் அந்த 'ஆம்' போய்விடும். பேசுபவர் நேரில் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார் என்ற செய்தியும் அதோடு போகும். மூன்று முறை கேட்டும் பிடிபடாத சொல்லுக்குப் புள்ளி வைத்துவிடுங்கள். நான்காம் முறை காது தனக்கு வேண்டியதைக் கேட்க ஆரம்பித்துவிடும்.

படி 2: வினையின் வாலைப் பாருங்கள்

வந்தான், வந்தாங்க, வந்துச்சு: எழுவாயை விழுங்கினாலும் வால் காட்டிக்கொடுக்கும். 'வரல' மட்டும் நழுவும். நான், அவன், அது எல்லாவற்றுக்கும் அதே வடிவம். வராதது ஆளா, பஸ்ஸா, தண்ணியா? இங்கே அவசரப்படுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

'நம்ம' என்றால் பெரும்பாலும் கேட்பவரும் சேர்த்தி. 'எங்க' என்றால் அவர் வெளியே. ஆக, மறுமுனையில் இருப்பவருக்கும் அந்த மொறயில் பங்குண்டு.

படி 3: ஊர்ச்சொல்லை ஊர்ப்பொருளில் வையுங்கள்

டெல்டாவில் 'கீழ' பெரும்பாலும் மாடிக்குக் கீழே அல்ல, கிழக்கே. நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. தஞ்சாவூரின் மேலவீதி, கீழவீதியும் திசையால் வந்த பெயர்கள்தான். 'மொற' வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை. (கல்யாணப் பேச்சில் இதே சொல் மாமன் மகளிடம் போய் நிற்கும்.) மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. கல்லணை தாண்டிக் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசிக்கோடி வயல்களுக்கு, வர மேலும் நாளாகும். ஜூலையில் கிழக்கே 'வரல' என்றால் தண்ணீர் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படி 4: எண்ணுக்கு அலகு தேடுங்கள்

இந்த ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் அலகைச் சொல்ல மாட்டார்கள். 'முப்பத்தாறு' வயதல்ல, ஆடுதுறை 36 என்ற குறுகியகால நெல். 'போட்டவங்க' என்ற சொல் அதை உறுதி செய்கிறது. 'நூத்தி இருபது' என்றால் மேட்டூரின் முழு மட்டம், அடியில். கொள்முதல் நிலையத்து வாசலில் 'பதினேழுக்கு மேல' என்றால் நெல்லின் ஈரப்பதம், சதவீதத்தில். அலகைச் சொன்னாலும் தடுமாறலாம்: 'மூணு மா' மாங்காய்க் கணக்கல்ல, நில அளவு. ஒரு மா 100 குழி, சுமார் 33 சென்ட். மூன்று சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

படி 5: அறுந்த இடத்தை ஒட்டாதீர்கள்

'பாடு…' என்பதோடு நின்றுவிட்டது. அடுத்து 'திண்டாட்டம்' வந்திருக்கலாம், 'தேவல' வந்திருக்கலாம், இரண்டும் நேரெதிர். தமிழில் காலமும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வாக்கியத்துக்கும் கடைமடை உண்டு, அங்கேதான் முதலில் வறளும். இரண்டு பொருளையும் எழுதி வையுங்கள். பேசியவரைக் கேட்க முடிந்தால் "தண்ணி வரலயா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். "எது வரலங்க?" என்று கேளுங்கள்.