"விட்டுட்டீங்க" வேண்டாம், "விட்டுப்போச்சு" போதும்: ஆபீசில் பக்குவமாகப் பேச ஒரு செய்முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி ஆபீசில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை பின்தொடர்ந்து பார்ப்பவராக, சேர்ந்து ஆறாவது மாதம். ஆர்டர் கொடுத்த பையருக்கு 180 ஜிஎஸ்எம் துணியில் டி-ஷர்ட் போக வேண்டும். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்குதான் ஜிஎஸ்எம்.) கட்டிங் டேபிளில் கிடந்ததோ 160. அதற்குள் 600 பீஸ் வெட்டியாகிவிட்டது. பதறிப்போய், பத்துப் பதினைந்து பேர் நின்ற இடத்தில், "இதுகூடப் பார்க்காமயா வெட்டுவீங்க மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். துணி வெட்டும் பிரிவின் கட்டிங் மாஸ்டர் அவர். என் அப்பா வயது. ஒன்றும் பேசவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

மதியம் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நிட்டிங்குக்கு, அதாவது துணி பின்னும் இடத்துக்கு, என்ன துணி வேண்டும் என்று எழுதிப் போன புரோகிராம் ஷீட்டிலேயே 160 என்றுதான் இருந்தது. அதை டைப் செய்தவள் நான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் மாஸ்டர் தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்தார். முன்பெல்லாம் "இந்தக் கழுத்தளவு இடிக்குதுங்க, பையர்கிட்ட ஒருவாட்டி கேட்டுருங்க" என்று அவராகவே வந்து சொல்வார். அது நின்றுபோனது. என் வேலையில் பாதித் தப்பு அந்த ஒரு மனிதரின் கண்ணால்தான் முன்கூட்டியே பிடிபட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது இந்த வேலையில் பதினோரு வருடம் ஆகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆபீஸ் பேச்சுக்கு ஆங்கிலத்தில் பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் நாம் கோபப்படுவதும் கெஞ்சுவதும் சமாதானம் ஆவதும் தமிழில்தான். தமிழில் எது குத்தும், எது குத்தாது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு.

படி 1: பேசும் முன் தாளைப் பாருங்கள்

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியுமா, இல்லை ஊகிக்கிறீர்களா? ஊகம் என்றால் முதல் பேச்சு கேள்வியாக இருக்கட்டும்: "மாஸ்டர், இந்த ரோல் எந்த லாட்டுங்க? தாள்ல எத்தனை ஜிஎஸ்எம் போட்டிருக்கு?" ஐந்து நிமிடம் செலவாகும், அவ்வளவுதான். நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

படி 2: கூப்பிடுவதில் தொடங்குங்கள்

முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் "நீங்க". எல்லோருக்கும் என்றால் டீ கொண்டுவருபவருக்கும், ஹெல்பருக்கும், உங்களைவிட ஐந்து வயது சின்னவருக்கும். எங்கள் கொங்குப் பக்கத்தில் "சரிங்க", "இல்லீங்க" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" ஒட்டிக்கொள்ளும். வேறு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது அதிகமாகத் தெரியலாம். ஆனால் இங்கே வளர்ந்தவருக்கு "ங்க" இல்லாத "சரி" மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சொன்ன மாதிரிதான் கேட்கும்.

"நீ, வா, போ" என்பது நட்பு வந்தபின் வரும். அதுவும் இரண்டு பக்கமும் வர வேண்டும். நீங்கள் அவரை "வா" என்கிறீர்கள், அவர் உங்களை "வாங்க" என்கிறார் என்றால் அங்கே இருப்பது நட்பில்லை.

மாஸ்டர், சூப்பர்வைசர் போன்ற பதவிப் பெயர்கள் எப்போதும் பாதுகாப்பானவை. அண்ணா, அக்கா என்பது வெட்டும் தைக்கும் வேலை நடக்கும் ஃப்ளோரில் இயல்பாக ஓடும். ஆனால் எல்லோருக்கும் அது பிடிக்காது. குறிப்பாக, உங்களுக்குச் சமமான பதவியில் இருக்கும் ஒரு பெண்ணை "சொல்லும்மா", "பாப்பா" என்று அழைப்பது, பாசமாகச் சொன்னாலும், அவரை ஒரு படி கீழே இறக்கிவிடும். சென்னை, பெங்களூரு ஆபீஸ்களில் மேனேஜரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குழப்பமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டுங்க?" யாரும் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, மனதில் உறுத்துவதால் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களை "ஏய் ஹிந்தி" என்று கூப்பிடும் பழக்கம் பல யூனிட்டில் இருக்கிறது. அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது. முதல் நாளே கேட்டு, சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்.

படி 3: தப்பைச் சொல்லும்போது வினைச்சொல்லை மாற்றுங்கள்

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். உருண்டது, உருட்டினான். பரீட்சையோடு மறந்துவிட்ட அந்தப் பாடம் ஆபீசில் தினமும் உதவும். "மாத்திட்டீங்க" என்றால் வினைச்சொல்லுக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். "மாறியிருக்கு" என்றால் பொருள் மட்டும்தான் இருக்கிறது.

"கார்ட்டன் நம்பரை மாத்திப் போட்டுட்டீங்க" என்பதை "கார்ட்டன் நம்பர் மாறியிருக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். "கேர் லேபிள் வைக்காம விட்டுட்டீங்க" என்பதை "இந்த 40 பீஸ்ல கேர் லேபிள் விட்டுப்போயிருக்கு" என்று. இரண்டிலும் செய்தி ஒன்றே. முதலாவதைக் கேட்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுவார். இரண்டாவதைக் கேட்டவர் கார்ட்டனைப் பார்க்க ஓடுவார்.

மென்மையாகச் சொன்னதோடு நின்றுவிடவும் கூடாது. எங்கே தப்பு, ஏன் அவசரம், என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றும் வர வேண்டும்: "12-ம் 13-ம் கார்ட்டன் மாறியிருக்குங்க. லாரி 5 மணிக்கு வருது. அதுக்குள்ள லேபிளை மாத்தி ஒட்டிடலாமா?" இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டிய இடம் ஒன்று உண்டு. தப்பு உங்களுடையது என்றால் "மாறிப்போச்சு சார்" என்று சொல்லாதீர்கள். "நான் மாத்தி அனுப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். அடுத்தவர் தப்புக்கு "மாறியிருக்கு", நம் தப்புக்கு "மாத்திட்டேன்". பெரும்பாலானவர்கள் இதற்கு நேரெதிராகப் பேசுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

ஒரே ஆள், ஒரே தப்பு, மூன்றாவது தடவை என்றால் இந்த மென்மை போதாது. தனியாகக் கூப்பிட்டு, "நீங்க" என்றே தொடங்கி நேராகப் பேச வேண்டும்: "இந்த மாசத்துல மூணாவது தடவை நீங்க அனுப்பின பேக்கிங் லிஸ்ட்ல எண்ணிக்கை இடிக்குது. எங்கே சிக்கல் வருதுன்னு சொல்லுங்க, சேர்ந்து பார்க்கலாம்." சுற்றிவளைத்தால் அவருக்குப் புரியாது, உங்களுக்கு எரிச்சல் ஏறும்.

படி 4: சின்னச் சொற்களில் இருக்கும் ஊசி

என்னுடைய அந்த வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். "இதுகூடப் பார்க்காமயா?" அதில் "கூட" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பாதி விஷம் இறங்கிவிடும். தமிழில் வசவு பெரிய சொற்களில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இடைச்சொல்லிலேயே வந்துவிடும்.

"இதாவது இன்னைக்கு முடியுமா?" என்றால் இதுவரை நீ எதையும் முடித்ததில்லை என்று பொருள். "நீங்கதானே அனுப்பினீங்க?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் தீர்ப்பு. "எப்பவும் இப்படித்தான்" என்றால் பழைய கணக்கையெல்லாம் இழுத்துப் போட்டாயிற்று. "ஏன் லேட்?" என்பதைவிட "என்ன ஆச்சுங்க, எங்கே நிக்குது?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். "ஏன்" என்றதும் மனிதர்கள் காரணம் தேடுவார்கள், பெரும்பாலும் அடுத்தவர் மேல்.

இதைப் பழக ஒரே வழிதான் எனக்குத் தெரியும். நேற்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் பத்தை எடுத்து, கூட, ஆவது, தானே எங்கெல்லாம் வருகின்றன என்று பாருங்கள். அந்தச் சொல்லை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பப் படியுங்கள்.

நாம, நாங்க என்பதிலும் கவனம் வேண்டும். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்" என்று ஃப்ளோரில் போய்ச் சொன்னால் அவர்களை வெளியே நிறுத்திவிட்டீர்கள். "நாம" என்றால் உள்ளே அழைக்கிறீர்கள். ஆனால் "இன்னைக்கு ராத்திரி நாம முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால், அந்த "நாம" அடுத்த முறை செல்லாது.

படி 5: "பார்க்கலாங்க" என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "நாளைக்கு 500 பீஸ் கிடைக்குங்களா?" என்று கேட்கிறோம். "பார்க்கலாங்க" என்று பதில் வருகிறது. நாம் பையருக்கு "நாளை அனுப்பிவிடுவோம்" என்று மெயில் போட்டுவிடுகிறோம். நம் ஊரில் "பார்க்கலாம்" என்பது பல நேரம் "முடியாது" என்பதன் மரியாதையான வடிவம். முகத்துக்கு நேராக மறுக்க மனம் வராதவர் சொல்வது. அவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்கத் தெரியாமல் கேட்டோம்.

ஆகவே ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை விட்டுவிட்டு எண்ணிக்கையையும் நேரத்தையும் கேளுங்கள். "நாளைக்குச் சாயங்காலம் 4 மணிக்கு எத்தனை பீஸ் கையில இருக்கும்ங்க?" என்றால் "ஒரு 300 வரும்" என்று அவரே சொல்வார். "முடியலைன்னா இப்பவே சொல்லுங்க, நான் பையர்கிட்ட ஒருநாள் கேட்டு வாங்கிடறேன்" என்று சேர்த்தால், மறுப்பதற்கு அவருக்குக் கௌரவமான ஒரு கதவு திறக்கிறது.

அதே போல் நீங்கள் மறுக்க வேண்டிய இடத்தில் "பார்க்கலாம்" என்று நழுவாதீர்கள். "இன்னைக்கு முடியாதுங்க. வியாழக்கிழமை காலைல தர்றேன்" என்று நாளோடு சொல்லுங்கள். மேலே இருப்பவரிடம் என்றால்: "சார், இப்ப லேப் டிப் அப்ரூவல் வேலையில இருக்கேன். இதை நிறுத்திட்டு அதை எடுக்கட்டுமா?" (லேப் டிப் என்றால் நிறம் சரியா என்று பையர் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி.) எது முக்கியம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அவரிடமே அதைக் கொடுத்துவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

மேலதிகாரி கத்தும்போது ஐந்து முறை "சாரி சார்" சொல்வதால் பயன் இல்லை. "பத்து நிமிஷம் கொடுங்க சார், தாளைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றால் அவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

படி 6: வாட்ஸ்அப் குழு

பாராட்டு குழுவில், தப்பு தனிச்செய்தியில். இதற்கு மேல் இங்கே சொல்ல அதிகம் இல்லை. இரவு பத்து மணிக்கு வெறும் கேள்விக்குறி மட்டும் அனுப்பாதீர்கள். கோபத்தில் வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள், அது வேறு இடங்களுக்குப் பயணம் போகும்.

படி 7: பக்குவம் செல்லாத இடங்கள்

"எந்த ஊருங்க?" என்பது நல்ல கேள்வி. "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலசாமி எது?" என்று அது நீளும்போது என்ன விசாரிக்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதைச் செய்யாதீர்கள். உங்களிடம் கேட்டால் "ஊர்ப் பேர் போதுங்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

உடலைப் பற்றிய பேச்சு, இரட்டை அர்த்தப் பேச்சு, வேண்டாம் என்றபின்னும் தொடரும் அழைப்பு ஆகியவற்றுக்குப் பதமாகப் பதில் சொல்லும் கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. விரும்பத்தகாத பாலியல் பேச்சும் அதில் அடங்கும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு உள் குழு இருந்தாக வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதக் குழு உதவ வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சேர்ந்த வாரத்திலேயே உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: மன்னிப்பு

நல்ல மன்னிப்பில் "ஆனா" வராது. "சாரி, ஆனா அன்னைக்கு எனக்கும் டென்ஷன்" என்றால் அது வக்காலத்து. என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இனி என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னால் போதும். எல்லோர் முன்னும் புண்படுத்தியிருந்தால் எல்லோர் முன்னும் கேட்க வேண்டும்.

மாஸ்டரிடம் போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கட்டிங் டேபிள் அருகே, அன்று நின்றவர்களில் பாதிப் பேர் இருக்கும்போது சொன்னேன்: "மாஸ்டர், அந்த 160 நான்தான் டைப் பண்ணினேன். தெரியாம உங்களை எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் வந்து சொல்லலை. இனிமே ஷீட்டை உங்ககிட்ட காட்டிட்டுத்தான் நிட்டிங்குக்கு அனுப்பறேன்."

அவர் கையிலிருந்த சாக்பீஸை டேபிளில் வைத்தார். "சரிங்க" என்றார். அப்புறம், "அடுத்த ஸ்டைலோட ஷீட் வந்துருச்சுங்களா? எடுத்துட்டு வாங்க, பார்த்துரலாம்."