கிளிப்புக்கு ஸ்குரூ போடும்போது பல்வேரைக் காப்பாற்றுவது எப்படி?

தங்கச்சிக்கு முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க, முரசு (ஈறு) வழியாக எலும்பில் ஸ்குரூ போட்டார்கள். ஹட்டனிலிருந்து கண்டிப் பக்கம் அவளைக் கூட்டிப்போய் வந்தவன் என்பதால் எழுதுகிறேன். கிளிப் என்றால் பல்லை வரிசைப்படுத்தப் போடும் கம்பி, அதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லவில்லை.

1. எக்ஸ்றே
ஸ்குரூவின் தடிப்பு 1.2 முதல் 2 மில்லிமீற்றர். அது பெரும்பாலும் இரண்டு வேர்களுக்கு நடுவே இறங்குகிறது. முழுத் தாடையும் தெரியும் படம் மட்டும் எடுத்திருந்தால், ‘அந்த இடத்துக்கென்று சின்ன எக்ஸ்றே தேவையா, டொக்டர்?’ என்று கேளுங்கள். இடைவெளி போதாவிட்டால் அண்ணம் போன்ற வேறு இடம் பார்க்கலாம்.

2. விறைப்பு ஊசி
நிறையப் பேர் தடுக்குவது இங்கேதான். மருந்து கொஞ்சமாகத்தான் போடுவார்கள். முரசு விறைக்கும், வேரைச் சுற்றிய சவ்வு விறைக்காது. வேண்டுமென்றேதான் அப்படி. ஸ்குரூ வேரை நெருங்கினால் உங்களுக்கு வலிக்க வேண்டும், அதுதான் எச்சரிக்கை. அழுத்துவது போலிருந்தால் பரவாயில்லை. சுரீரென்று பல்லுக்குள் குத்தினால் உடனே கையைத் தூக்குங்கள். இந்தச் சைகையை முன்கூட்டியே டொக்டரிடம் பேசிவைப்பது நல்லது.

டொக்டர் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பல் கதிரையிலோ வாய் திறந்திருந்தும் பேச்சு வராது. தங்கச்சி கால்விரல்களை மடக்கிக்கொண்டு பொறுத்திருந்தாள். நான்தான் பார்த்துச் சொன்னேன். டொக்டர் உடனே நிறுத்தி, ஸ்குரூவைக் கழற்றி, கோணத்தை மாற்றிப் போட்டார்.

வேரின் மேற்பரப்பில் மட்டும் கீறல் என்றால், ஸ்குரூவை எடுத்துவிட்டால் சில மாதங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். நடுவிலுள்ள நரம்புப் பகுதிவரை போயிருந்தால் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம்.

3. வீட்டில்
விறைப்பு போகும்வரை சுடுதேநீர் வேண்டாம், வாய் வெந்தாலும் தெரியாது. ஸ்குரூவைச் சுற்றித் துலக்க விலைகூடிய பிரஷ் எதுவும் வேண்டாம். சின்னப்பிள்ளைகளின் மெல்லிய பிரஷ்தான் என் தெரிவு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லிக் கொப்பளிப்பு தந்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள். அதோடு சாயத்தேநீரும் சேர்ந்தால் பல்லில் கறை ஏறும். நம்ம பக்கத்தில் தேநீரை யார் விடப்போகிறார்கள்!

பிற்சேர்க்கை: ‘ஸ்குரூ ஆடுகிறது, வேர் போய்விட்டதா?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. முரசு வீங்கினாலும் எலும்பு மெல்லியதாக இருந்தாலும் ஆடும். வேரில் முட்டியிருந்தாலும் ஆடும். விரலால் முறுக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் சொல்லுங்கள். பல்லைத் தட்டினால் வலி, நிறமாற்றம், வீக்கம் ஏதாவது இருந்தால், பனடோல் போட்டுக்கொண்டு அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காமல் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.